பிரிபடாத பாகம்

செம்பியம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் என் மேசை.
பகலெல்லாம் ஒரே வரியைத் தட்டுகிறேன்:
"மேற்படி மனையில் பிரிபடாத பாகம்
நானூற்றுப் பத்தொன்பது சதுர அடி."
அந்த நிலத்தை யாரும் பார்த்ததில்லை.
தூணுக்கு அடியிலா, சம்ப்புக்கு அடியிலா,
காட்டச் சொன்னால் பில்டருக்கே தெரியாது.

இரவில், பெரவள்ளூரில், பீரோவை ஒட்டியிருக்கும் கம்ப்யூட்டர்
வேறொரு சொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.
பதினோரு கோடிச் சொச்சம் இரண்டுகளை
ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தது.
அந்தப் பதினோரு கோடிச் சொச்சமும்
பகா எண்ணாக இருந்தால்தான் பேச்சே.
எழுதினால் மூன்று கோடிக்கு மேல் இலக்கம்.
இருமத்தில் எழுதினால் வெறும் ஒன்று, ஒன்று, ஒன்று;
நடுவில் ஒரு சுழியம் கிடையாது.
பெரம்பூர் மேம்பாலத்தில் அத்தனை விளக்கும் எரிகிற இரவு
(நான் பார்த்ததில்லை)
அப்படித்தான் இருக்கும்.

கடைசி இலக்கம் ஏழு. அது பென்சிலிலேயே வந்துவிட்டது.
கேட்க வேண்டியிருந்தது ஒன்றுதான்:
உன்னைப் பகுக்க யாராவது உண்டா?

பங்கு கேட்டு எவன் வந்தாலும்
அவனுக்கு ஓர் அங்க அடையாளம் வேண்டும்.
அடுக்கின் இரட்டிப்பு, அதன் ஏதோ ஒரு மடங்கு,
மேலே ஒன்று.
அந்த அடையாளத்தோடு வந்த சின்ன ஆட்களை
முதலிலேயே வரிசையில் நிறுத்திப் பார்த்தாயிற்று.
ஒருவனுக்கும் பாத்தியதை இல்லை.

பிறகுதான் நீண்ட விசாரணை.
நான்கில் தொடங்கு. வர்க்கம் எடு. இரண்டைக் கழி.
அந்தப் பெரிய எண்ணால் வகுத்து மீதியை வை.
மீதிக்கு வர்க்கம். இரண்டைக் கழி. மீதி.
இப்படிப் பதினோரு கோடித் தடவைக்கு மேல்.
முடிவில் சுழியம் மிஞ்சினால், பகா எண்.
ஒன்றும் மிஞ்சாமல் போவதுதான்
பிரிக்க முடியாததற்குச் சாட்சி என்று
ஏசுபாதத்துக்கு மூன்று தரம் சொன்னேன்.
அவர் மின் கட்டண அட்டையை நீட்டினார்.
மாடிவீட்டு முனீர் எட்டிப் பார்த்து
"பிட்காயினா அக்கா?" என்றான்.

பதினேழாம் நாள் தணிகாசலம் நகர்க் கால்வாய் தெருவுக்கு வந்தது.
கரன்ட்டை நிறுத்திவிட்டார்கள்.
மேசைக்குக் கீழே நான்கு செங்கல், அதன்மேல் பெட்டி.
விட்ட இடம் அதற்கு நினைவிருந்தது;
மறுநாள் மாலை ஃபேன் சுற்றியபோது
நானும் வாசல் சேற்றைத் தள்ள ஆரம்பித்தேன்.

நாற்பத்தொன்றாம் நாள், பால் பொங்குகிற நேரம்,
திரையில் பதினாறு எழுத்தும் எண்ணுமாக ஓர் எச்சம்.
சுழியம் இல்லை.
எச்சம் என்ற சொல்லுக்கு வாரிசு என்றும் ஒரு பொருள் உண்டு.

பகு எண்தான். சந்தேகமில்லை.
ஆனால் எதால் பகும்?
எத்தனை பேர் பங்காளி, ஆளுக்கு எவ்வளவு?
அது எச்சத்தில் இல்லை, எங்கேயும் இல்லை.
வில்லங்கச் சான்றில் "வில்லங்கம் உண்டு" என்று மட்டும் அச்சடித்து
யாருடையது என்ற கட்டத்தைக்
காலியாக விட்டதுபோல.
இருபது வருஷத் தொழிலில்
அப்படி ஒரு தாள் என் கைக்கு வந்ததில்லை.

இன்னொரு ஊரில் முகம் தெரியாத ஒருவர்
இதே எண்ணை மறுபடி ஓட்டுவார்.
அவருக்கும் அதே பதினாறு குறி வந்தால்
பதிவு செல்லும். எங்கள் ஆபீசிலும்
சாட்சிக் கையெழுத்து இரண்டு.

அன்று பதினோரு மணிக்கு
ருக்மாங்கதன் வகையறா ஐந்து பேர் வந்தார்கள்.
ஒரே பெஞ்சு; நடுவில் ஒரு குடையை வைத்து
இரண்டு பேர், மூன்று பேராக உட்கார்ந்தார்கள்.
நாலு எல்லை சொல்லுங்கள் என்றேன்.
கிழக்கே எது என்பதிலேயே சண்டை.

வீட்டுக்கு வந்து அடுத்த எண்ணைக் கேட்டு வாங்கினேன்.
ஏசுபாதம் பார்க்காத மாதிரி இருந்தார்.
இதற்குக் கடைசி இலக்கம் ஒன்று.